வாசகர் கேள்வி – பதில்: கச்சேரிய எப்ப குறைக்கறது, எப்படி குறைக்கறது?

போன தடவை ஒரு வாசகர் "வயசான பிறகும் மேடை ஏறணுமா"ன்னு ஒத்த வரியில கேட்டிருந்தாரு, நானும் "கால் ஏறுற வரைக்கும் ஏறுங்க"ன்னு ஒத்த வரியில பதில் போட்டேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், மெயில் எல்லாத்துலயும் பாதிக்கு மேல இதே சமாச்சாரம்தான். எல்லாருமே வேற வேலை பார்த்துட்டு வாரக் கடைசியில பேண்ட்ல வாசிக்கிறவங்க, பாடுறவங்க, இல்லன்னா அவங்க வீட்டுல இருக்கிறவங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கியாச்சு, சமையலறை டிப்ஸ் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எனக்கு 59 வயசு. காலேஜ் காலத்துல இருந்து பேஸ் கிடார். மாசம் நாலஞ்சு ப்ரோக்ராம் போயிட்டிருந்தோம், இப்பவும் கூப்பிடறாங்க. ஆனா ஆம்ப், ஸ்பீக்கர் கேபினட் எல்லாம் ஏத்தி இறக்கிட்டு ராத்திரி 2 மணிக்கு வீட்டுக்கு வந்தா அடுத்த ரெண்டு நாளைக்கு முதுகு நிமிரல. விட்டுடலாமான்னு தோணுது, விட்டா என்ன பண்ணுவேன்னும் தெரியல. — ஒரு பேஸ் வாசகர்

பதில்: உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன் சார். சுமக்கிறது கஷ்டம்னு இருக்கு, லேட் ஆகுதுன்னு இருக்கு, முதுகு வலிக்குதுன்னு இருக்கு, ஆனா வாசிக்கிறது சலிச்சுப்போச்சுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. அப்ப நீங்க விட நினைக்கிறது சங்கீதத்த இல்ல, மூட்டை தூக்கற வேலைய. நம்மள மாதிரி ஆளுங்க பல பேரு இந்த ரெண்டையும் ஒண்ணா கட்டி வச்சிருக்கோம், ஒண்ணு போகணும்னா ரெண்டும் போகணும்னு நினைச்சுக்கிட்டு மொத்தமா கைய கழுவிடறோம்.

ஒரு ப்ரோக்ராம்னா என்னென்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பேக் பண்றது, வண்டியில ஏத்தறது, ஓட்டிட்டுப் போறது, படி ஏத்தறது, வயர் மாட்டறது, சவுண்ட் செக், காத்திருக்கிறது, வாசிக்கிறது, கழட்டறது, மறுபடி ஏத்தறது, தூக்கக் கலக்கத்துல ஓட்டறது. இதுல உங்களுக்குப் பிடிச்சது ஒரே ஒரு ஐட்டம். மத்த எதையெல்லாம் வெட்டலாம்னு பாருங்க, அந்த ஐட்டத்துல கை வைக்காதீங்க.

முதல்ல எடை. பழைய ஆம்பெக் எஸ்விடி மாதிரி வால்வ் ஆம்ப்ல ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) மட்டும் 36 கிலோவுக்கு மேல, அதுக்குண்டான, எட்டு ஸ்பீக்கர் இருக்கிற ஒரே கேபினட் 60 கிலோ தாண்டும். 25 வயசுல அதைத் தூக்கறது ஒரு கெத்து, ஒத்துக்கறேன். இப்ப க்ளாஸ்-டி ஆம்ப் ஹெட் வருது, அதுல கனமான பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மின்சாரத்த வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வேலை செய்யுது, அதனால சூடு கம்மி, எடை ரெண்டு கிலோ சுத்தி முடிஞ்சிடும், கிடார் பேக்லயே போட்டுக்கலாம். ஸ்பீக்கர்லயும் நியோடிமியம் மேக்னட் போட்டது வாங்கினா கேபினட் எடை நல்லா குறையும். கிடார்காரங்களுக்கும் இதே கதைதான், ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் 29 கிலோ கிட்ட, அதே கம்பெனி 2019ல கொண்டுவந்த டிஜிட்டல் டோன் மாஸ்டர் மாடல் 15 கிலோ. ஆர்கன்காரங்க நிலைமைய கேட்டா அழுகையே வரும், 1954ல இருந்து 1974 வரைக்கும் தயாரிச்ச ஹாமண்ட் பி-3 பெஞ்ச், பெடல் எல்லாம் சேர்த்து 190 கிலோ கிட்ட, இன்னைக்கு அந்த சத்தத்த கிட்டத்தட்ட அப்படியே தர்ற கீபோர்ட 20 கிலோவுக்குள்ள தோள்ல மாட்டிட்டுப் போகலாம். "அந்த வால்வ் சவுண்ட் வராது சார்"னு நீங்க சொல்வீங்க, தெரியும். வராதுதான். ஆனா உங்க கேபினட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமான்னு மனச தொட்டு சொல்லுங்க.

அதைவிட சுலபம், ஹால்ல பிஏ சிஸ்டம் (கூட்டத்துக்குக் கேட்கிற ஸ்பீக்கர், மிக்ஸர் செட்) இருந்தா ஆம்பே வேண்டாம், டிஐ பாக்ஸ்ங்கிற சின்ன இணைப்புப் பெட்டி வழியா நேரா மிக்ஸருக்கு குடுத்துட்டு, மேடையில நம்ம பக்கம் திரும்பியிருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்ல கேட்டுக்குங்க. தோள் வலின்னா 34 இன்ச் ஸ்கேல்ல (கம்பியோட வாசிக்கிற நீளம்) இருந்து 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு மாறலாம், இடது கை நீட்டற தூரமும் குறையும், நெறைய மாடல்ல எடையும் குறையும். அகலமான ஸ்ட்ராப் போடுங்க.

அடுத்தது நேரம். 11 மணிக்கு மேல போற ப்ரோக்ராம ஒத்துக்காதீங்க. சாயங்காலம் ஆரம்பிச்சு 9 மணிக்கு முடியறது தேடினா கிடைக்கும், கேட்கிறவங்களுக்கும் வயசாகுதுல்ல, அவங்களுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். மாசம் நாலுன்னா ஒண்ணாக்குங்க. அந்த ஒண்ணு நீங்க ஆசைப்பட்டு போறதா இருக்கட்டும். இவ்வளவும் பண்ணின பிறகும் வண்டி சாவிய எடுக்கும்போதே வெறுப்பா வந்தா அப்ப விடுங்க, தப்பே இல்ல.

கேள்வி: பாடகி நான், வயசு 61. மேல் ஸ்தாயில முன்ன மாதிரி நிக்க முடியல. சுருதிய இறக்கலாம்னா கிடாரிஸ்ட் "ஒரிஜினல் கீலதான் பண்ணணும், இல்லன்னா பாட்டோட ஃபீல் போயிடும்"னு பிடிவாதம் பிடிக்கிறார். — பாடகி வாசகி

பதில்: மேடம், ஃபீல் போறது சுருதிய இறக்கினதால இல்ல, பாடறவங்க மூச்சு முட்டி கத்தறதாலதான். இறக்குங்க.

வயசாக ஆக குரல் நாண்ல இருக்கிற தசை மெலிஞ்சு போகுது, வளையற தன்மையும் குறையுது, ரெண்டு நாணும் முழுசா ஒட்டாம காத்து லேசா கசியுது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு ஹார்மோன் மாற்றத்தால குரல் பொதுவா கீழ இறங்கும், ஆண்களுக்கு வயசான காலத்துல கொஞ்சம் மெலிஞ்சு மேல போகும். அதனால உங்களுக்கு மேல போனதுக்கு பதிலா கீழ ரெண்டு மூணு ஸ்வரம் புதுசா கிடைச்சிருக்கும், அதை யூஸ் பண்ற மாதிரி பாட்ட மாத்துங்க. பாடகர் எல்டன் ஜானுக்கு 1987ல தொண்டையில ஆபரேஷன் ஆச்சு, அதுக்கப்புறம் குரல் கனமாயிடுச்சு, பழைய பாட்டையெல்லாம் இறக்கித்தான் பாடினார். யாரும் டிக்கெட்ட திருப்பிக் குடுக்கல.

கிடாரிஸ்ட்கிட்ட இருக்கிற நியாயமான கஷ்டம் ஒண்ணு உண்டு. கிடார் கழுத்துல மாட்டற கேப்போங்கிற க்ளிப்ப போட்டா சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ஈ மேஜர்ல இருந்து அரை ஸ்டெப் இறக்கி ஈ ஃப்ளாட்டுக்கு வந்தா அவருக்கு விரல் வைக்காம வாசிக்கிற ஓபன் ஸ்ட்ரிங் எல்லாம் போச்சு. அதுக்கு வழி சிம்பிள், கிடார ஆறு கம்பியையும் அரை ஸ்டெப் இறக்கி ட்யூன் பண்ணிட்டு பழைய ஷேப்லயே வாசிக்கட்டும், கம்பியும் லூஸாகி விரலுக்கு சுகமா இருக்கும். கீபோர்ட்காரருக்கு ஒரு பட்டன். பேண்ட்ல ட்ரம்பெட், டெனர் சாக்ஸ் இருந்தா அவங்க உங்களுக்கு மாலையே போடுவாங்க, ஏன்னா அவங்க வாத்தியத்துக்கு நோட்ட ஒரு முழு ஸ்டெப் மேல இருக்கிற கீயில எழுதுவாங்க, பாட்டு ஈல இருக்கும்போது அவங்க தாள்ல அது எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப், ஈ ஃப்ளாட்டுக்கு வந்தா எஃப் மேஜர், ஒரே ஒரு ஃப்ளாட். ஓட்டெடுப்பு நடத்துங்க, ஜெயிச்சிடுவீங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க, கரகரப்பு 4 வாரத்துக்கு மேல போகாம நின்னா வயசுன்னு விடாதீங்க, இஎன்டி டாக்டர் தொண்டைக்குள்ள பார்க்கணும்.

கேள்வி: ப்ரோக்ராம் முடிஞ்சு வந்தா காதுல கொய்ங்னு சத்தம், முன்ன காலையில போயிடும், இப்ப போகவே மாட்டேங்குது. வயசு 54, இது சகஜம்தானே? — ஒரு கிடார் வாசகர்

பதில்: சகஜம்தான், அதாவது நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப சகஜம். அதுக்காக பரவாயில்லன்னு அர்த்தம் இல்ல. அது காது குடுக்கிற கம்ப்ளைன்ட்.

கணக்கு இப்படி. வேலையிட பாதுகாப்புக்கு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு வச்சிருக்கிற அளவு ஒரு நாளைக்கு 85 டெசிபல், 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88னா 4 மணி, 91னா 2 மணி, 94னா 1 மணி, இப்படியே போனா 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். ட்ரம்ஸ் சிம்பல் பக்கத்துல நின்னா 100 சாதாரணமா வந்துடும், அப்ப உங்க கோட்டா மூணாவது பாட்டுலயே காலி, மிச்ச ரெண்டரை மணி நேரமும் கடன்ல ஓடுது. உள்காதுல இருக்கிற மயிர் செல்கள் போனா திரும்ப முளைக்காது. வயசுக்காக போற காதும் சத்தத்தால போற காதும் கூட்டுச் சேர்ந்துக்கும், ரெண்டுமே முதல்ல மேல் ஃப்ரீக்வென்சியத்தான் தின்னும், அதனாலதான் நமக்கு வயசாக ஆக ட்ரெபிள ஏத்திக்கிட்டே போறோம், பக்கத்துல இருக்கிறவன் காத பொத்தறான். த ஹூ பேண்ட் கிடாரிஸ்ட் பீட் டவுன்செண்ட் தன் காது போன கதைய பல வருஷமா வெளிப்படையா பேசிட்டு வர்றார்.

பஞ்சு வைக்காதீங்க, அது உபயோகமில்ல. மியூசிஷியன் இயர்ப்ளக்னு தனியா இருக்கு, 9, 15, 25 டெசிபல்னு ஃபில்டர் மாத்திக்கலாம், எல்லா ஃப்ரீக்வென்சியையும் சமமா குறைக்கிறதால சங்கீதம் மழுங்காம சத்தம் மட்டும் இறங்கும். முதல் ரெண்டு ப்ரோக்ராம் பழகாது, எரிச்சலா இருக்கும், மூணாவதுல மறந்துடுவீங்க. காதுக்குள்ளயே மாட்டற இன்-இயர் மானிட்டர் போடறவங்க அதுலயே வால்யூம ஏத்தி வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆடியோகிராம் (காது கேட்கிற டெஸ்ட்) ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க, வருஷா வருஷம் ஒப்பிடலாம். திடீர்னு ஒரு காது மட்டும் கேட்காம போச்சுன்னா அன்னைக்கே டாக்டர பாருங்க, அதுல நாள் தள்ளினா திரும்ப வர்ற சான்ஸ் குறையும்.

கேள்வி: இடது கை மோதிர விரல் உள்ள மடங்கிட்டே வருது, உள்ளங்கையில கயிறு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. வலி இல்ல. கிடார் வாசிக்க முடியுமா?

பதில்: நான் டாக்டர் இல்ல, ஆனா நீங்க சொல்ற அடையாளம் டுப்யூட்ரன்ங்கிற பிரச்சினைக்கு ரொம்ப பொருந்துது. உள்ளங்கை தோலுக்கு அடியில இருக்கிற திசு தடிச்சு சுருங்கும், பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மாட்டும், வலி அதிகம் இருக்காது, அதனாலயே ஆளுங்க விட்டுடறாங்க. கைய மேஜை மேல கவுத்து வச்சுப் பாருங்க, தட்டையா படியலன்னா கை நிபுணர பார்க்க வேண்டிய நேரம். சிகிச்சை இருக்கு, ரொம்ப மடங்கின பிறகு போறத விட முன்னாடி போறது நல்லது.

அதுவரைக்கும் கம்பிய 10ல இருந்து 9 கேஜுக்கு (தடிமன்) மாத்துங்க, ஆக்‌ஷன (கம்பி கழுத்துக்கு மேல நிக்கிற உயரம்) இறக்கச் சொல்லுங்க, ஒரே விரல்ல பல கம்பிய அமுக்கற பார் கார்ட் பிடிக்கிற இடத்துல மூணு கம்பி ஷேப் போடுங்க. ஜாஸ் கிடாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928ல தீ விபத்துல ரெண்டு விரல் உபயோகமில்லாம போய், மிச்ச ரெண்டு விரல்ல சோலோ வாசிச்சவர்னு எல்லாரும் உதாரணம் சொல்வாங்க. நானும் சொல்லிட்டேன். ஆனா அவருக்கு அப்ப 18 வயசு, உங்களுக்கு இல்ல, அதனால அவரோட உங்கள அளந்து பார்த்து நொந்துக்க வேண்டாம். கிளாசிக்கல் கிடாரிஸ்ட் செகோவியா 90 தாண்டியும் கச்சேரி பண்ணினார், கிடாரிஸ்ட் லெஸ் பால் மூட்டு வாதத்தோட 94 வயசுலயும் வாராவாரம் நியூயார்க் கிளப்ல வாசிச்சார், அதே சமயம் ட்ரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸ் நரம்பு பாதிப்பால ட்ரம்ஸ மகனுக்கு விட்டுட்டு 2022ல ஜெனிசிஸ் பேண்டோட கடைசி ஷோல சேர்ல உட்கார்ந்துதான் பாடினார். மூணு பேரும் உழைப்புல குறைஞ்சவங்க இல்ல, உடம்பு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி.

கேள்வி: எங்க ட்ரம்மர் எங்க எல்லாருக்கும் மூத்தவர், பேண்ட ஆரம்பிச்சவரே அவர்தான். இப்ப டெம்போ இழுக்குது, முடிவு எங்கன்னு மறந்துடறார். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, பின்னாடி மட்டும் பேசறாங்க. அண்ணன்கிட்ட எப்படி சொல்றது? — பேண்ட்ல சின்னவன்

பதில்: தம்பி, இந்த தடவை வந்ததுலயே கஷ்டமான கேள்வி உன்னோடதுதான்.

சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. ஒரு ரிகர்சல் முழுசா ரெக்கார்ட் பண்ணு, அவரை மட்டும் இல்ல, எல்லாரையும். கேட்டுப் பார்த்தா இழுக்கிறது அவர் மட்டும்தானா, இல்ல பேஸும் சேர்ந்து இழுக்குதான்னு தெரியும், நெறைய பேண்ட்ல பழிய ட்ரம்மர் தலையில போட்டுட்டு மத்தவங்க தப்பிச்சுக்கறாங்க. ரெண்டாவது, அவருக்கு காது எப்படி இருக்குன்னு பாரு. பாடறவர் குரலும் பேஸும் சரியா கேட்கலன்னா எந்த ட்ரம்மரும் தயங்கித்தான் அடிப்பார், முடிவும் மிஸ்ஸாகும். ஒரு நல்ல மானிட்டர் அவர் பக்கத்துல வச்சதும் பாதி பிரச்சினை போற கேஸும் உண்டு.

அதுக்கு மேலயும் இருந்தா சொல்லித்தான் ஆகணும். யாரு சொல்றது? பேண்ட்ல அவர் யார் பேச்ச கேட்பாரோ அவர் ஒருத்தர் மட்டும். நீ சின்னவன், நீ வேண்டாம். வாட்ஸப் க்ரூப்ல கூடவே கூடாது, ப்ரோக்ராம் முடிஞ்ச ராத்திரியில கூடாது, நாலு பேரு சேர்ந்து போய் உட்காரக் கூடாது, அது பஞ்சாயத்து மாதிரி ஆயிடும். சும்மா ஒரு நாள் வீட்டுக்குப் போய், "அண்ணே, நீங்க வேணும், ஆனா மூணு மணி நேரம் உங்களுக்கு ரொம்ப இழுக்குதுன்னு தோணுது, எப்படி பண்ணலாம்"னு அவர்கிட்டயே கேட்கணும். பாதி பேருக்கு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், யாராவது வாய் திறக்க மாட்டாங்களான்னு காத்துட்டிருப்பாங்க. வேகமான பாட்டுக்கு இன்னொரு பையன உட்கார வச்சுட்டு மெதுவான பாட்டுக்கு அவர் வரலாம், பர்கஷன் எடுத்துக்கலாம், முதல் செட் மட்டும் வாசிக்கலாம். பாட்டோட அமைப்ப பெரிய எழுத்துல டேப்லட்ல போட்டு வைங்க, கால் பெடல அமுக்கினா பக்கம் திரும்பும், அது அவருக்கு மட்டும்னு இல்லாம எல்லாரும் வச்சுக்குங்க, அப்ப அவமானமா தெரியாது.

மறதி பாட்டுல மட்டும் இல்ல, வழி மறக்கறது, சொன்னதையே திரும்பச் சொல்றது இதெல்லாமும் இருந்தா விஷயம் பேண்ட தாண்டிப் போயிடுச்சு, வீட்டு ஆளுங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க. புது ட்ரம்மர ரகசியமா தேடி வச்சுட்டு கடைசியில மெசேஜ் அனுப்பற வேலைய மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணின பேண்டுங்க உண்டு, அதுக்கப்புறம் அந்த ஆளுங்க முகத்த முகம் பார்க்கிறதில்ல.

கேள்வி: என் வீட்டுக்காரர் கச்சேரிய நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. அவரே எடுத்த முடிவுதான். ஆனா இப்ப கீபோர்ட தொடறதே இல்ல, எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு இருக்கார். நிறுத்தச் சொன்னதே நான்தான்னு என் மேலயே திருப்பறார்.

பதில்: அம்மா, உங்க மேல தப்பு இல்லன்னு முதல்ல சொல்லிடறேன், இந்த பக்கத்த வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க.

மேடைய விட்டவங்க எதை இழக்கறாங்கன்னு வெளிய இருந்து பார்த்தா கைதட்டல்னு தோணும். கைதட்டல் இல்லாம இருந்துடலாம். காலண்டர்ல ஒரு தேதி, அந்த தேதிக்காக கத்துக்க ஒரு புதுப் பாட்டு, செவ்வாய்க்கிழமை ரிகர்சல்னு ஒரு காரணம், அங்க வழக்கமா கடிக்கிற நாலு ஜோக் பார்ட்டிங்க, இதெல்லாம்தான் போச்சு. தனியா ஹால்ல உட்கார்ந்து யாருக்காக வாசிக்கிறதுன்னு அவருக்கு தோணுது. "தினமும் ஒரு மணி நேரம் வாசிங்க"ன்னு நீங்க சொன்னா ஹோம்வொர்க் குடுத்த மாதிரி கடுப்புதான் ஆவார்.

ஆள் வேணும் அவருக்கு, மேடை இல்ல. பழைய பேண்ட்ல ஒருத்தர, ஒரே ஒருத்தர, மாசத்துல ரெண்டு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்க, ப்ரோக்ராம் எதுவும் கிடையாது, சும்மா வாசிக்க. அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா, கோயர் இருக்கிற இடம்னா அதுல சேரலாம். அமெரிக்காவுல ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில ராய் எர்ன்ஸ்ட்ங்கிற பேராசிரியர் 1991ல நியூ ஹொரைசன்ஸ்னு 50 வயசுக்கு மேற்பட்டவங்களுக்காக ஒரு பேண்ட் ஆரம்பிச்சார், வாழ்க்கையில வாத்தியத்த தொடாதவங்களும் சேரலாம், ஸ்கூல்ல வாசிச்சு விட்டவங்களும் சேரலாம், அது இன்னைக்கு பல ஊருக்கு பரவியிருக்கு. அந்த மாதிரி குழுவுக்கு கீபோர்ட் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா தூக்கி வச்சுக்குவாங்க. ஒண்ணுமே இல்லன்னா ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ சொல்லிக் குடுக்கட்டும், வாரா வாரம் ஒரு ஆள் கதவ தட்டினா விரல் தானா கீபோர்டுக்குப் போகும். இதுக்கெல்லாம் மேலயும் தூக்கம் இல்ல, எதுலயும் ஆசை இல்லன்னு இழுத்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கடைசி கச்சேரின்னு போஸ்டர் அடிச்சு க்ராண்டா விடைபெறலாமா?

பதில்: வேண்டாம். த ஹூ 1982ல ஃபேர்வெல் டூர் பண்ணிட்டு 1989ல மறுபடி டூர் கிளம்பினாங்க, அதுக்கப்புறமும் பல வருஷம் அடங்கல. அவங்களுக்கு அது பிசினஸ், உங்களுக்கு சொந்தக்காரங்க கிண்டல்தான் மிச்சம். ஒத்துக்கிட்ட தேதியெல்லாம் முடிங்க, புதுசா ஒத்துக்காதீங்க, ஹால்காரங்ககிட்டயும் கூட வாசிக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க. அப்புறம் யாராவது ஆசையா கூப்பிட்டா போய் நாலு பாட்டு வாசிச்சுட்டு வரலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: ஏழு கிடார், மூணு ஆம்ப், ஒரு அலமாரி நிறைய பெடல். பேண்டோட பிஏ செட்டும் என் வீட்டு மாடியிலதான் இருக்கு. இப்ப என்ன பண்றது?

பதில்: சாயங்காலம் சும்மா உட்காரும்போது கை தானா எதை எடுக்குதோ அந்த கிடார வச்சுக்குங்க, கூட ஒரு எலக்ட்ரிக், ஒரு சின்ன ஆம்ப். மத்ததுல எது கனமோ அதை முதல்ல வித்துடுங்க, வால்வ் ஆம்ப வருஷக்கணக்கா ஆன் பண்ணாம போட்டு வச்சா உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போகும், அப்புறம் வாங்கறவன் விலைய அடிப்பான். பெடல்ல இருக்கிற பேட்டரிய எல்லாம் இன்னைக்கே கழட்டுங்க, கசிஞ்சா சர்க்யூட் போர்டு போச்சு.

எதை வச்சுக்கறீங்களோ அதோட பேரு, சீரியல் நம்பர், இப்ப என்ன விலை போகும், யார்கிட்ட கேட்டு விக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுல குடுத்து வைங்க. நாம இல்லாதப்ப நல்ல கிடார் எது, ஓட்டை கிடார் எதுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க வாங்கினப்ப வீட்டுல பாதி விலைதான் சொல்லியிருப்பீங்க, அந்த பேப்பர்லயாவது உண்மைய எழுதுங்க.

பிஏ செட் விஷயத்துல மட்டும் அவசரம் வேண்டாம், ஆனா தள்ளியும் போடாதீங்க. யார் யார் எவ்வளவு போட்டு வாங்கினதுன்னு இப்பவே எல்லாரையும் உட்கார வச்சு பேசி முடிங்க. பல வருஷம் ஒண்ணா வாசிச்சவங்க சங்கீதத்துல சண்டை போட்டு பிரிஞ்சத விட ஸ்பீக்கர் யாருக்குன்னு சண்டை போட்டு பிரிஞ்சதுதான் ஜாஸ்தி. மிக்ஸர் யாருக்கும் வேண்டாம்னா ஏதாவது ஸ்கூலுக்கு குடுத்துடுங்க, வயர் எல்லாத்தையும் சேர்த்தே குடுங்க.